கம்பியைக் கட்டியவன்

மெசினை விற்பதென்று முடிவான நாளிலிருந்து துஷ்யந்தன் அதன் பக்கத்திலேயே கிடந்தான். வேலணையில் அக்கா கஜனியின் வளவுக்குள், முன்பு மாட்டுக்கொட்டிலாக இருந்த தகரக் கூரையின் கீழே, ஏழு மாதமாகத் தறப்பாள் போர்த்தபடி அது நின்றிருந்தது. தீவின் உப்புக்காற்று தறப்பாளுக்கெல்லாம் பயப்படாது. நட்டுகள் துருவேறி இறுகிப்போயிருந்தன. பெல்ற் வெடித்திருந்தது. கிறீஸ் காய்ந்து களிபோல ஆகியிருந்தது. அவன் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினான். நான்கு கத்திகளையும் கிறைண்டரில் பிடித்து, பிறகு கல்லில் தீட்டி, சவரம் செய்யக்கூடிய கூருக்குக் கொண்டுவந்தான்.

ஊரில் அதைக் கொப்பு மெசின் என்பார்கள். ஒரு பக்கத்தால் மரக்கொப்பைக் கொடுத்தால் இரண்டு உருளைகள் அதைப் பற்றி உள்ளே இழுக்கும். உள்ளே கத்திகள் பூட்டிய கனத்த சில்லு சுழன்று அதைச் சீவித் தள்ளும். மறுபக்கக் குழாயால் சீவல் வந்து குவியும். கொப்பைக் கொடுக்கும் வாயைச் சுற்றி, மேலும் கீழுமாக ஒரு சிவப்புக் கம்பி. மேலே கையால் அடித்தாலும் சரி, கீழே காலால் உதைத்தாலும் சரி, உருளைகள் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அந்த மெசினில் மனிதனுக்காகச் செய்து வைத்த சாமான் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் மரத்துக்கானவை.

கஜனியின் கணவன் தனேஸின் வலது கையை முழங்கைக்குக் கீழே இந்த மெசின் கொண்டுபோனது. மெசினுக்குப் பலி தேவைப்பட்டது என்று ஊர் சொன்னது. புருசனின் கவனயீனம் என்று கஜனி சொன்னாள். தனேஸும் அதையே சொன்னான். இதெல்லாம் பொய் என்று தெரிந்தவன் உலகத்தில் ஒரே ஒருவன். அவன் இப்போது மெசினுக்குக் கீழே மல்லாந்து கிடந்து கிறீஸ் பூசிக்கொண்டிருந்தான்.

*

மைத்துனர்கள் இருவரும் காணி துப்புரவாக்கும் வேலை செய்தவர்கள். தீவுப்பகுதியில் அந்த வேலைக்குப் பஞ்சமில்லை. கனடாவிலும் பிரான்சிலும் இருப்பவர்களின் வளவுகளில் இப்பில் மரமும் ஈச்சையும் வடலிப் பனையும் ஓட்டுக்கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஆள் வருகிறார் என்று செய்தி வந்தால் பத்து நாளில் வளவை வெளிச்சமாக்கிக் கொடுக்க வேண்டும். வெட்டுவது பெரிய காரியமில்லை. வெட்டிக் குவித்ததை என்ன செய்வது என்பதுதான் வில்லங்கம். எரித்துத்தான் வந்தார்கள். ஒரு சோளகக் காற்றில் நெருப்புப் பாய்ந்து பக்கத்துக் காணியில் பதினொரு பனை கருகியது. அதற்குப் பிறகு இவர்கள் தீப்பெட்டியைக் கையில் எடுத்தாலே ஊர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது.

குருநாகல் பக்கத்துத் தென்னந்தோட்டம் ஒன்றில் பழைய மெசின் விலைக்கு நிற்கிறது என்று ஒரு லொறிச் சாரதி சொன்னார். துஷ்யந்தன் கட்டாரில் உழைத்து வைத்திருந்ததும் தனேஸ் இரண்டு பசுவை விற்றதும் சேர்ந்து அது வேலணைக்கு வந்தது. தோட்டத்தில் அதைப் பராமரித்த சிங்களக் கிழவருக்குத் தமிழ் தெரியாது. இவர்களுக்குச் சிங்களம் அரையும் குறையும். ஆனாலும் அந்த மனிதர் அரை நாள் மினக்கெட்டு எல்லாவற்றையும் கையால் காட்டித் தந்தார். கத்திக்கும் எதிர்த்தகட்டுக்கும் நடுவே ஒரு கொப்பி மட்டை அளவு இடைவெளி. எட்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கிறீஸ். சிவப்புக் கம்பியை இரண்டு பேரையும் அடித்தும் உதைத்தும் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார். பனையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. குருநாகலில் இருப்பவருக்குப் பனையைப் பற்றி என்ன தெரியும்?

ஊருக்கு வந்ததும் வைரவர் கோவில் வாசலில் நிறுத்தி, தேசிக்காய் நசித்து, சந்தனப் பொட்டு வைத்தார்கள். மெசினைத் திருத்துவதும் தீட்டுவதும் துஷ்யந்தன் பாடு. மண்டைதீவில் மீன்பிடிப் படகு எஞ்சின்களைத் திருத்திப் பழகிய கை அவனுடையது. கொப்பு கொடுப்பது தனேஸின் பாடு. கவனம் என்றால் அது தனேஸ்தான். எங்கள் பக்கத்து வேலி மரங்களுக்குள் ஆணி இருக்கும், முட்கம்பி இருக்கும், மரம் மூடி வளர்ந்த போர்க்காலத்துச் செல் துண்டும் இருக்கும். பழைய ஸ்பீக்கர் ஒன்றின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, ஒவ்வொரு குற்றியிலும் தடவிப் பார்த்துத்தான் அவன் மெசினுக்குக் கொடுப்பான். இரண்டு வருடத்தில் ஒரு கத்தியாவது சிதறியதில்லை. அப்படிப்பட்டவனைத்தான் ஊரும் வீடும் சேர்ந்து கவனமில்லாதவன் ஆக்கின.

*

அது பங்குனி மாதம். பக்கத்து ஊரான சரவணையில் ஒரு வளவு. அடுத்த நாள் காணிச் சொந்தக்காரர் கொழும்பில் வந்து இறங்குகிறார், வேலையோ பாதிதான் முடிந்திருந்தது. இப்பில் கொப்புகள் பற்றையாக விரிந்துகொண்டு போய்ச் சிவப்புக் கம்பியில் இடிக்கும். இடித்தால் உருளை நிற்கும். திரும்பவும் கம்பியை இழுத்து விட்டு ஓட்ட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இதே கூத்து. துஷ்யந்தனுக்குப் பொறுமை எப்போதும் கொஞ்சம் குறைவுதான். மண்டைதீவிலிருந்து கொண்டுவந்த பச்சை நைலோன் வலைக்கயிறு பைக்குள் கிடந்தது. அதை எடுத்துக் கம்பி அசையாதபடி இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டான். அரை மணித்தியாலத்துக்குத்தானே என்று நினைத்தான்.

தனேஸ் அப்போது கிணற்றடியில் வடலி வெட்டிக்கொண்டிருந்தான்.

"கருக்கு மட்டையையும் கொண்டந்து போடுங்கோ அத்தான், கத்தி புதுசாத் தீட்டியிருக்கு" என்று துஷ்யந்தன் உரத்துச் சொன்னான். கம்பியைக் கட்டியிருக்கிறேன் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்த நேரம் கைத்தொலைபேசி அடித்தது. சத்தத்துக்கு விலகித் தெருப்பக்கம் நடந்தான்.

கருக்கு மட்டை என்பது பனையோலையின் தண்டு. இரண்டு கரையிலும் வாள்பல் போல வரிசையாகப் பல் இருக்கும். உருளைகள் மட்டையை இழுத்தன. மட்டையின் பல் தனேஸின் நீளக்கைச் சேட்டில் கொழுவியது. சேட்டோடு கையும் போனது.

எஞ்சின் சத்தம் மாறியதைக் கேட்டுத் துஷ்யந்தன் திரும்பிப் பார்த்தான். ஓடி வந்த அந்தச் சில விநாடிகளில் கண்டதை அவன் பிறகு ஒருவருக்கும் சொல்லவில்லை. எஞ்சினை நிறுத்தினான். கம்பியை விடுவித்து உருளைகளைக் கையால் பின்னுக்குச் சுழற்றுவதற்காகக் கயிற்றை அறுத்தான். அறுத்த கயிற்றைக் காற்சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டான். அந்த நேரத்தில்கூட அதைப் பைக்குள் வைக்கத் தோன்றியதே என்று, பிறகு பல நாள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கம்பி ஏன் வேலை செய்யவில்லை என்று பொலிசார் கேட்டார்கள். கட்டியிருந்தது என்றான். யார் கட்டியது என்று கேட்டார்கள். தெரியாது என்றான். அந்த ஒரு சொல்லை அடுத்த நாளே போய்த் திருத்தியிருக்கலாம். ஆனால் அடுத்த நாள் தனேஸ் பிழைப்பானோ என்பதே நிச்சயமில்லை.

நாலாம் நாள் யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் தனேஸுக்கு அறிவு தெளிந்தது. ஆனால் அந்தக் காலை அவனுக்குள் முழுதாக அழிந்திருந்தது. வீட்டில் தேத்தண்ணி குடித்தது நினைவிருந்தது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கூரைதான். கம்பி கட்டியிருந்ததாம் என்று கஜனி அழுதுகொண்டு சொன்னபோது, அவன் நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்.

"அப்ப நான்தான் கட்டியிருப்பன். மெசின் வாயடியில நிக்கிறவன் நான்தானே. வேற ஆர் கட்டுறது?"

கட்டிலின் கால்மாட்டில் துஷ்யந்தன் நின்றான். சொல்ல வேண்டிய இடம் அதுதான். அவன் சொன்னது வேறு. "அதை விடுங்கோ அத்தான். நடந்தது நடந்துபோச்சு."

மைத்துனனைக் குற்றம் சொல்லாத பெருந்தன்மை என்று பக்கத்துக் கட்டில்காரர்கூட அதை மெச்சினார். துஷ்யந்தன் அந்த மெச்சலையும் வாங்கிக்கொண்டான்.

*

அவனைக் கெட்டவன் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அவன் ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்கும் ஒரு காரணம் இருந்தது. வன்னிப் போரில் செத்த தாயையும் தகப்பனையும் ஒரே குழியில் புதைத்துவிட்டு, முகாமுக்கு நடந்து வந்தது அக்காவும் அவனும் மட்டும்தான். அவனுக்கு அப்போது பதினெட்டு. தம்பி என்னோடுதான் இருப்பான், சம்மதமென்றால் கட்டுங்கள் என்று சொல்லித்தான் கஜனி தனேஸைக் கட்டினாள். தனேஸ் மறுபேச்சுப் பேசாமல் சம்மதித்தான், பதின்மூன்று வருடமாக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. துஷ்யந்தனுக்கு உலகத்தில் சொந்தம் என்று இருந்தது அக்காவின் முகம் ஒன்றுதான். அந்த முகம் தன்னைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும் என்றால், அவன் போவதற்கு வேறு வீடு இல்லை. அதற்காக அவன் வாயை மூடிக்கொண்டான். அதற்கு விலை கொடுத்தது தனேஸ்.

கஜனி பொல்லாதவள் இல்லை. பயந்துபோனவள். பயம் அவளிடம் கோபமாக வந்தது. சோறு போடும்போது வரும், சேட்டுக்குப் பொத்தான் பூட்டிவிடும்போது வரும்.

"ஒரு கயிறு கட்டேக்கை என்னை நினைச்சனீங்களே? பிள்ளையை நினைச்சனீங்களே? சோம்பலுக்குக் கையைக் குடுத்த ஆள் நீங்கள்தான்."

தனேஸ் தலையைக் குனிந்துகொண்டு ஓம் என்பான். கை போனதைவிட அந்த ஓம்தான் துஷ்யந்தனுக்குக் கேட்க முடியாமல் இருந்தது. தன்னைத்தானே நம்பாத மனிதன் ஒருவன் அந்த வீட்டில் மெல்ல மெல்ல உருவாகிக்கொண்டிருந்தான். தண்ணி மோட்டரை நிறுத்திவிட்டு வந்து, நிறுத்தினேனா என்று கேட்பான். திரும்பப் போய்ப் பார்ப்பான். குசினியில் அடுப்பு எரிந்தால் தூர நிற்பான். ஐந்து வயது மகள் நிலக்சனாவைப் பாலர் பாடசாலைக்குக் கூட்டிப் போகச் சொன்னால், "றோட்டைக் கடக்க வேணும், என்னை நம்பி விடாதையும்" என்பான். ஆஸ்பத்திரியில் செயற்கைக் கைக்கு அளவெடுக்க வரச் சொல்லி இரண்டு தடவை கடிதம் வந்தது. அவன் போகவில்லை. "எனக்கு ஒரு கையைத் தந்தால் அதாலயும் ஏதும் பிழை செய்வன்" என்றான். பகிடியாகச் சொன்னான் என்று கஜனி நினைத்தாள். துஷ்யந்தனுக்குத் தெரியும் அது பகிடியில்லை என்று.

மெசினை விற்போம் என்றது கஜனி. அது வளவில் நிற்கும்வரை இந்த மனிசன் நிமிரமாட்டார் என்றாள். துஷ்யந்தன் உடனே சம்மதித்தான். மெசின் போனால் எல்லாமே அதனோடு போய்விடும் என்று தன்னை ஏமாற்றிக்கொண்டுதான் அவன் அத்தனை பாடுபட்டுக் கிறீஸ் பூசினான்.

*

ஐப்பசி முதல் சனிக்கிழமை காலையில் புங்குடுதீவிலிருந்து ஏரம்பர் லான்ட்மாஸ்ரர் என்ற இரண்டு சில்லு உழவு மெசினில் வந்து இறங்கினார். அறுபத்தைந்து வயது. முன்பு மூன்று வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர். இப்போது தென்னந்தோட்டம். மாரி தொடங்க முன்னர் தென்னைக்குக் கீழே சீவல் பரப்ப வேண்டும், அதற்கு மெசின் தேவை.

பொருள் பார்க்கத் தெரிந்த மனிதர் அவர். கத்தியில் நகத்தை வைத்துப் பார்த்தார். சில்லைக் கையால் சுழற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். எஞ்சினை ஓடவிட்டு ஒரு வேப்பங்கொப்பைக் கொடுக்கச் சொன்னார். துஷ்யந்தன் கொடுத்தான். ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் வளவை நிறைத்தது. குசினிக்குள் ஏதோ பாத்திரம் விழுந்தது.

"நல்லா வைச்சிருக்கிறீர்" என்றார் ஏரம்பர், எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு. "ஆனால் தம்பி, இது ஆளைப் பிடிச்ச மெசின் எண்டு கேள்விப்பட்டனான்."

துஷ்யந்தன் மெசின் மூடியில் ஒட்டியிருந்த சீவலைத் தட்டினான்.

"நான் குறை சொல்லேல்லை. ஆள் செத்த வள்ளத்தைக்கூட நான் வாங்கினனான். ஆனால் வாங்க முதல் அந்த வீட்டுக்குப் போய், செத்தவன்ரை மனிசியின்ரை வாயால ஒரு சொல்லுக் கேட்டுத்தான் வாங்கினனான். உதில எங்களுக்குக் குறையில்லை, இன்ன மாதிரித்தான் நடந்தது எண்டு. வள்ளத்தில கையை வைச்சுச் சொல்ல வேணும். அப்பதான் அதில என்ரை ஆக்களை நம்பி அனுப்பலாம். இதுக்கும் அப்பிடித்தான். கை குடுத்தவர் ஆர்? அவரைக் கூப்பிடும்."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. தனேஸ் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஏழு மாதத்தில் ஒரு நாளும் கொட்டில் பக்கம் வராதவன், மடித்துக் குத்திய சேட்டுக் கையோடு மெல்ல நடந்து வந்தான். பின்னால் கஜனி தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தாள்.

"நான்தான் அண்ணை" என்றான் தனேஸ்.

"உம்மை வருத்திறதுக்குக் கேக்கேல்லை, தம்பி. அதில கையை வைச்சு, எங்க பிழை நடந்தது எண்டு சொல்லும். நான் கொண்டுபோறன்."

தனேஸ் இடது கையை நீட்டினான். மெசினின் வாயோரத்தில் வைக்கப் போய், எடுத்து, பிறகு எஞ்சின் மூடியில் வைத்தான்.

"மெசினில ஒரு குறையும் இல்லை அண்ணை. பிழை என்ரை. சிவப்புக் கம்பியைக் கட்டிப்போட்டு வேலை செய்திருக்கிறன். நான் கவனமில்லாத ஆள். எனக்கு அந்தப் புத்தி இல்லாமல் போச்சு." ஒரு மூச்சு எடுத்தான். "என்ரை மச்சான் இதைப் பிள்ளை மாதிரிப் பார்த்தவர். அவரில ஒரு பிழையும் இல்லை. அதையும் கேட்டுக்கொள்ளுங்கோ. அவருக்கு உதால ஒரு கெட்ட பேர் வரக்கூடாது."

பொய் என்று தெரியாமல் பொய்ச் சத்தியம் செய்துகொண்டிருந்தான் அந்த மனிதன். அதுவும் யாருக்காக! இதற்குமேல் ஒரு சொல் தனேஸ் சொன்னால், அதைக் கேட்டுக்கொண்டு தன்னால் மனிதன் என்று நிற்க முடியாது என்று துஷ்யந்தனுக்குப் பட்டது.

"அத்தான், கையை எடுங்கோ" என்றான்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"கம்பியை நீங்கள் கட்டேல்லை. நான்தான் கட்டினனான்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?" என்றாள் கஜனி. "உங்கை அவர் சொல்லிக்கொண்டு நிக்கிறார், நீ..."

"பச்சை வலைக்கயிறு அக்கா. மண்டைதீவால கொண்டந்தது. ரெண்டு சுத்துச் சுத்தினனான். அத்தான் கிணத்தடியில நிண்டவர், அவருக்குத் தெரியாது. மட்டையைப் போடச் சொன்னதும் நான்தான். கயிறு கட்டினதைச் சொல்லாமல் ரெலிபோன் கதைக்கப் போட்டன். பேந்து கயிறை அறுத்துப் பொக்கற்றுக்குள்ள வைச்சு, பாலத்தடியில கடலுக்குள்ள எறிஞ்சனான். ஆஸ்பத்திரியில அத்தான் தானெண்டு சொல்லேக்கை..."

கஜனி தட்டத்தை நிலத்தில் வைத்தாள். வைக்கும்போது ஒரு கோப்பை சரிந்து தேத்தண்ணி மண்ணில் ஓடியது. அவள் அதைப் பார்க்கவில்லை.

அடி விழும் என்று துஷ்யந்தன் எதிர்பார்த்தான். விழுந்தால் நல்லது என்றும் நினைத்தான். ஆனால் தனேஸ் அவனைப் பார்க்கவே இல்லை. மெசினின் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்ப நான் என்ன செய்தனான்?" என்று கேட்டான்.

"நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை அத்தான்."

"அதைக் கேக்கேல்லை. நான் எங்க நிண்டனான், என்ன செய்தனான்? எனக்குக் காட்டும். எனக்கு அந்த நாளே இல்லை."

துஷ்யந்தன் சாவியைக் கழற்றி ஏரம்பரின் கையில் கொடுத்தான். பிறகு மெசின் வாயின் முன்னால், தனேஸ் நின்ற இடத்தில் போய் நின்றான். ஏழு மாதம் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளாததை அவன் இப்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

"இதில நிண்டனீங்கள். மட்டையை அடிப்பக்கத்தால குடுத்தனீங்கள், குடுக்கிற முறை அதுதான். பல்லு சேட்டில கொழுவிப்போட்டுது. நான் திரும்பிப் பார்க்கேக்கை மணிக்கட்டு உள்ள போயிருந்தது." அவன் இடது கையைத் தூக்கி மேல் கம்பியில் வைத்தான். "உடன இடது கையால இதை அடிச்சனீங்கள். கட்டியிருந்ததால அது அசையேல்லை."

"அடிச்சனானோ?"

"அடிச்சனீங்கள். பேந்து கீழ்க் கம்பியைக் காலால உதைச்சனீங்கள்."

"உதைச்சனானோ?" தனேஸின் குரல் மாறியிருந்தது. "வடிவாப் பார்த்தனீரோ? நான் உதைச்சதை உம்மடை கண்ணால பார்த்தனீரோ?"

"பார்த்தனான் அத்தான்."

"எத்தினை தரம்?"

"மூண்டு தரம். என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு உதைச்சனீங்கள். நான் வந்து சேர முதல் மூண்டு தரம்."

தனேஸ் கிட்ட வந்தான். துஷ்யந்தன் விலகி இடம் விட்டான். தனேஸ் வலது காலைத் தூக்கி, செருப்போடு, கீழ்க் கம்பியை உதைத்தான். கம்பி உள்ளே போய் டக்கென்று பூட்டிக்கொண்டது. உருளைகள் நிற்க வேண்டிய இடம் அது. அவன் காலை எடுக்காமல் அப்படியே நின்றான்.

"அப்ப எனக்குத் தெரிஞ்சிருக்கு" என்றான். "என்ன செய்ய வேணுமெண்டு எனக்குத் தெரிஞ்சிருக்கு. நான் அதைச் செய்தும் இருக்கிறன்."

அவன் அழத் தொடங்கினான். கை போன பிறகு அந்த மனிதன் அழுது யாரும் பார்த்ததில்லை. ஒற்றைக் கையால் முகத்தை மூட முடியாமல் அவன் அழுதான். ஏரம்பர் வேறு பக்கம் பார்த்தார். பிறகு சாவியை எஞ்சின் மூடியில் வைத்தார்.

"நான் கேக்க வந்ததைக் கேட்டிட்டன்" என்றார், பொதுவாக. "புதன்கிழமை வந்து ஏத்திறன்." துஷ்யந்தனின் முகத்தைப் பார்க்காமலே லான்ட்மாஸ்ரரை நோக்கி நடந்தார்.

கஜனி அதுவரை, நிலத்தில் வைத்த தட்டத்துக்குப் பக்கத்திலேயே நின்றாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் துஷ்யந்தன் காலில் விழுந்திருப்பான்.

"ஏழு மாசம்" என்றாள். "நான் இந்த மனிசனைப் பேசேக்கை, நீ பக்கத்தில இருந்து சோறு திண்டனீ."

"ஓம் அக்கா."

"என்னென்ன பேச்செல்லாம் பேசினனான். பிள்ளைக்கு முன்னால பேசினனான். நீ கேட்டுக்கொண்டு இருந்தனீ."

"ஓம்."

"என்னைக் கொண்டு அவரைப் பேசவைச்சனீ." அவள் குரல் அங்கேதான் உடைந்தது. "நீ கயிறு கட்டினதை நான் ஒரு நாளைக்கு மறப்பன். ஆரும் செய்யிற பிழை அது. இதை நான் என்னெண்டு மறக்கிறது?"

அவள் காலடியில் சரிந்து கிடந்த கோப்பையை அவன் எடுத்து நிமிர்த்தி வைத்தான்.

"போ தம்பி. எங்கையாவது போ. உன்ரை முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாது."

தம்பி என்று சொன்னது பழக்கத்தில் வந்தது. அவளுக்கே அது தெரிந்திருக்காது. துஷ்யந்தன் கை கழுவவில்லை, உடுப்பு எடுக்கவில்லை. கிறீஸ் அப்பிய கையோடு படலையை நோக்கி நடந்தான். யாரும் மறிக்கவில்லை. எதற்குப் பயந்து இத்தனை நாள் வாயை மூடியிருந்தானோ அது நடந்துவிட்டது. நடந்த பிறகு பார்த்தால், அது அவன் நினைத்ததைவிடப் பெரிதாகத்தான் இருந்தது. சொன்னால் மனம் இலேசாகும் என்பார்கள். ஒன்றும் இலேசாகவில்லை.

படலையைத் திறக்கும்போது பின்னால் தனேஸின் குரல் கேட்டது.

"கஜனி, கேட்டனீரே? மூண்டு தரம் உதைச்சிருக்கிறன்."

"கேட்டனான்" என்றாள் அக்கா.

"முதல் கையால அடிச்சிருக்கிறன். அது அசையேல்லை எண்ட உடன காலால உதைச்சிருக்கிறன். பதறிப் பதகளிக்கேல்லை. சரியாச் செய்திருக்கிறன்."

"ஓம். சரியாத்தான் செய்திருக்கிறீங்கள்." அவள் அழுதுகொண்டே சொன்னாள். "இன்னொருக்காச் சொல்லுங்கோ. முதலில இருந்து சொல்லுங்கோ."

தனேஸ் முதலிலிருந்து சொன்னான். மட்டையை அடிப்பக்கத்தால் கொடுத்ததிலிருந்து தொடங்கினான். துஷ்யந்தன் அதை முழுவதும் கேட்டுவிட்டுத்தான் தெருவில் இறங்கினான்.